ஒரு தூண்டில் கோல் போதும்

அமெரிக்காவில் குடியேறிவிட்ட பிள்ளைகளின் இல்லத்தில் ஆறு மாத காலம் தங்கி வரலாம் என்று சித்திரையிலோ வைகாசியிலோ விமானம் ஏறும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு, நயாகராவும் நியூயார்க்கும் பார்த்து முடித்து, மகனும் மருமகளும் அலுவலகத்துக்கும் பேரன் பேத்திகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு எஞ்சி நிற்கும் நீண்ட பகற்பொழுதை எவ்விதம் கழிப்பது என்பதே பெரும் பிரச்னையாகிவிடுகிறது. அவர்களுள் ஏரிக்கரையிலும் வாய்க்கால் மதகிலும் பால்யத்தைக் கழித்தவர்களுக்கு நான் செய்யும் சிபாரிசு, பக்கத்துப் பூங்காக் குளத்தின் கரையில் தூண்டில் போட்டு உட்காருங்கள் என்பதே. ஆனால் இந்த யோசனையை ஏற்றுக்கொண்டு கடைக்குள் நுழைகிறவர், சுவர் நெடுகச் சாத்தி வைத்திருக்கும் எண்ணற்ற கோல்களைக் கண்டு திகைத்து, மீனுக்கு ஒரு கோல், பருவத்துக்கு ஒரு கோல் என்ற வியாபார உபதேசத்துக்கு வசப்பட்டுவிடக் கூடாது. கரையில் நின்று சிறு மீன் பிடிப்பவருக்கு ஒரே கோல் போதும். அது ஏழடி நீளமும் மெல்லிய நுனியும் உடையதாக இருந்தால், அதன் விலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அந்நாட்டில் பான்ஃபிஷ் என்று பொதுவாக அழைக்கும், வாணலியில் முழுதாக அடங்கும் அளவான மீன்களுள் பிரதானமானது புளூகில். உள்ளங்கை அகலமே உள்ள இந்த மீன், முள்ளில் மாட்டியதும் தன் தட்டையான உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித் தண்ணீரையே துணையாகக் கொண்டு வட்டமடித்து இழுக்கும்போது, பெரிய மீன் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று பழக்கப்பட்டவர்களே பிரமிப்பது சகஜம். எந்தக் குட்டையிலும் பிழைத்துப் பெருகிவிடும் ஜீவன் அது. 1960-ஆம் ஆண்டில் சிகாகோவுக்கு விஜயம் செய்த ஜப்பானியப் பட்டத்து இளவரசர் அகிஹிடோவுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்ட புளூகில் மீன்களின் சந்ததி ஜப்பானின் ஏரிகளில் பரவிச் சுதேச மீன்களுக்கு நாசம் விளைவித்ததையும், சக்கரவர்த்தியான பிறகு 2007-இல் அவர் அதற்காக வருத்தம் தெரிவித்ததையும் இங்கே நினைவுகூரலாம். ஒரு குளத்தில் பிடித்ததை இன்னொரு குளத்தில் விடாதீர்கள் என்று அமெரிக்க மாநிலங்கள் எச்சரிப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. புளூகிலுக்கு அடுத்தபடியாகக் கிராப்பியும் மஞ்சள் பெர்ச்சும் அகப்படும். கிராப்பியின் வாய்ச் சவ்வு காகிதம் போல் மெல்லியது; விறைப்பான கோலால் வெடுக்கென்று இழுத்தால் உதடு கிழிந்து மீன் போய்விடும்.

இனி நீளத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர்கள் சிறு மீனுக்கு என்று எடுத்து நீட்டுவது பெரும்பாலும் ஐந்தடிக்கு உட்பட்ட, 'அல்ட்ராலைட்' என்று அச்சிட்ட சிறு கோலாகவே இருக்கும். படகில் உட்கார்ந்திருப்பவருக்கும், மரக்கிளைகள் தலைக்கு மேல் கவிந்த ஓடைகளில் நுழைந்து செல்பவருக்கும் அது உத்தமமான உபகரணம் என்பதை நான் மறுக்கவில்லை. கரையில் நிற்பவரின் நிலைமையோ வேறு. அவருக்கும் மீனுக்கும் நடுவே புல்லும் நாணலும் நீர்ப்பாசியும் ஒரு வேலியாக வளர்ந்து கிடக்கின்றன. அந்த வேலிக்கு அப்பால் இரையை ஓசையின்றி இறக்கவும், தக்கை அமிழ்ந்த கணத்தில் தண்ணீரில் தொய்ந்து கிடக்கும் நரம்பை ஒரே வீச்சில் தூக்கி முள்ளைப் பதிக்கவும், அகப்பட்ட மீன் பாசிக்குள் புகுந்து சிக்கிக்கொள்ளாமல் மேலாகக் கொண்டுவரவும் நீளமே துணை. மேலும், நரம்பில் இறுக்கிப் பொருத்திய தக்கை கோல் நுனியின் வளையத்துக்குள் புகாது. ஆகையால் முள்ளுக்கும் தக்கைக்கும் உள்ள இடைவெளி கோலின் நீளத்தைவிட அதிகமானால் வீசுவதே துர்லபம். ஐந்தடி ஆழத்தில் மேயும் மீனுக்கு ஐந்தடிக் கோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நரம்பில் நழுவி ஓடும் தக்கை இதற்கு ஒரு பரிகாரம்தான் என்றாலும், புதிதாகக் கற்பவருக்கு அந்த முடிச்சு வேலை அவ்வளவு எளிதில் வசப்படாது.

வைகாசி, ஆனி மாதங்களில் தண்ணீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஆண் புளூகில்கள் கரையோர ஆழமற்ற நீரில் வாலால் மணலை விலக்கி வட்ட வட்டமாகக் கூடு பறித்துக் கூட்டமாகக் காவல் இருக்கும். அப்போது எந்தக் கோலும் போதும். தென் மாநிலங்களில் தலைமுறைகளாகப் புழங்கி வரும், ரீல் இல்லாத மூங்கில் கம்பே போதும். கோடை முற்றியபின் நடுப்பகலில் மீன்கள் ஆழம் நாடி விலகிவிடுவதால் எட்டி வீசும் சக்தி தேவைப்படுகிறது. இரையும் முள்ளும் சேர்ந்து ஒரு கிராமுக்குச் சற்று ஏறக்குறைய இருக்கும் இந்தத் தொழிலில், எட்டி வீசுவது கைப்பலத்தினால் ஆவதன்று. பாரத்துக்கு ஏற்ப வளைந்து கொடுத்து, பிறகு நிமிரும் நுனியினால் ஆவது.

அந்த நுனியின் லட்சணத்தை அறியக் கடைக்காரரைக் கேட்க வேண்டாம். கைப்பிடிக்குச் சற்று மேலே, கோலின் தண்டிலேயே சிறிய எழுத்துகளில் நீளம், வலிமை, தாங்கும் நரம்பு, வீசத்தக்க எடை ஆகிய நான்கும் அச்சிடப்பட்டிருக்கும். நீளம் 7 அடி, வலிமை 'லைட்', நரம்பு 4 முதல் 8 பவுண்டு, எடை 1/32 அல்லது 1/16 அவுன்ஸில் தொடங்கி 1/4 அவுன்ஸ் வரை என்று இருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். 'அல்ட்ராலைட்' எழுத்துக்கு மயங்குகிறவர்கள், கோல் மெலியச் சிறு மீனின் இழுப்பும் சுவாரசியமாகும் என்று வாதிப்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அதே மண்புழுவைக் கெளுத்தியோ லார்ஜ்மௌத் பாஸ் மீனோ கவ்விவிட்டால், அந்த மெல்லிய கோல் அதைப் பாசியிலிருந்து திருப்ப வல்லதாக இராது. போராட்டம் நீள நீள, கோடை வெந்நீரில் களைத்துப் போன மீன் திருப்பி விட்ட பிறகும் உயிர் பிழைப்பது சந்தேகம். மனிதரின் சுவாரசியத்துக்காக ஒரு பிராணியை அவ்வளவு நேரம் அலைக்கழிப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை.

கண்ணாடியிழைக் கோல்கள் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின்னும், கிராஃபைட் கோல்கள் 1970-களிலும் சந்தைக்கு வந்தன. முன்னது வளையும், ஆனால் கனக்கும்; பின்னது லேசானது, ஆனால் கார்க் கதவிடுக்கில் ஒருமுறை அகப்பட்டால் தீர்ந்தது. பேரக் குழந்தைகளும் கையாளப் போகும் கோல் என்றால் இரண்டும் கலந்து செய்ததே விவேகமான தேர்வு. அத்தகையது பெரும்பாலும் விலை குறைந்த வரிசையில்தான் இருக்கும் என்பது நமக்கு அனுகூலம். வாங்குமுன் வளையங்கள் ஒவ்வொன்றினுள்ளும் சிறிது பஞ்சை விட்டுச் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு எங்கே பிசிறிப் பிடிக்கிறதோ அங்கே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்து நரம்பை அறுக்கும். ரீல் சிறியதாக இருந்தால் சரி. குழந்தைகளுக்கு மூடிய முகமுள்ள ரீல் வசதி. அவ்வகையில் புகழ்பெற்ற ஸெப்கோவை உருவாக்கியது, எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு தயாரித்துக்கொண்டிருந்த துல்சா நகரத்துக் கம்பெனி என்பது ஒரு வேடிக்கை.

மிச்சமாகும் பணத்தில் முதற்செலவு லைசென்ஸுக்கு ஆகட்டும். 1950-ஆம் ஆண்டின் டிங்கெல்-ஜான்சன் சட்டப்படி, தூண்டில் சாதனங்களின் மீதான வரிப்பணம் மீன்வளம் பேணுவதற்காக மாநிலங்களுக்குப் பங்கிடப்படுகிறது. லைசென்ஸ் கட்டணமும் அவ்வாறே பயன்படுகிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் பொதுவாக ஒரு நாளைக்கு 25 பான்ஃபிஷ் வரை ஒருவர் வைத்துக்கொள்ளலாம் என்ற தாராளம், இந்த ஏற்பாட்டையெல்லாம் ஒட்டியே நிலைத்து வருகிறது. பெரும்பாலான மாநிலங்களில் பதினாறு வயது நிரம்பியவர் எவரும் லைசென்ஸ் இன்றிப் பொதுக் குளத்தில் தூண்டில் போடலாகாது. சுற்றுலா விசாவில் வந்து தங்கியிருக்கும் தாத்தாவுக்கும் விலக்கு இல்லை, வெளியூர்வாசிக்குரிய சற்று அதிகமான கட்டணம் உண்டு. கோல் விற்கும் கடையிலேயே பெரும்பாலும் அதையும் கொடுப்பார்கள். போகும்போது பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.