நான்கு கோடுகள்

போரைப் பற்றிய ஓவியம் என்றால் அதில் இரத்தமும் கண்ணீரும் தெரிய வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனனின் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூல்தான் அந்த எண்ணத்தை மாற்றியது.

தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இலங்கையில் பேணிய காணிப் பதிவேடு. 2011இல் வெளியான இந்த ‘நிறைவுறாத தோம்பு’ ஓர் அலுவலகக் கோப்பைப் போலவே அமைந்தது. இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் தாம் இழந்த வீடுகளின் தரைப்படங்களை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தார்கள். மொத்தம் 80 வீடுகள். அவை கட்டட வரைபடங்களாக மீள வரையப்பட்டன; ஓவியர் ஒவ்வொன்றுக்கும் தமது சித்திரமொன்றைச் சேர்த்தார்.

தரைப்படங்களில் இருப்பவை வெறும் கோடுகள், மனிதர் எவருமில்லை. ஆயினும், பழக்கமற்ற கை தடுமாறி இழுத்த அந்தக் கோட்டில், திரும்பிப் போக வழியற்றவரின் தனிமை முழுவதும் இருக்கிறது. இரத்தம் தோய்ந்த படத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். தரைப்படத்தைக் கண்டால் நம்மையறியாமல் நம் வீட்டை நினைக்கிறோம். அதுவே இக்கலையின் வலிமை.

நூலை மூடியபோது எனக்கு வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் நினைவுக்கு வந்தன. கடவுச்சீட்டுக்காகவும் விசாவுக்காகவும் மருத்துவத்துக்காகவும் வந்து லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழரை, 2007 ஜூன் 7 அதிகாலையில் பொலிஸார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பிலிருந்து வெளியேற்றினர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் 376 பேர் என்று எண்ணிக்கையை எழுதினோம். அவர்கள் எழுப்பப்பட்ட அறைகளை எழுதவில்லை. காலடி கேட்டால் மூச்சை அடக்கும் அந்த அறைகளை எந்தத் தோம்பும் பதியவில்லை. சொந்த வீட்டுக்கு உறுதி உண்டு. வாடகை அறைக்கு என்ன உண்டு?

அந்த அறைகளில் இருந்தவர்களில் சிலர் இன்று ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இதை வாசிக்கக்கூடும். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு தாளை எடுங்கள். அந்த அறையின் நான்கு சுவர்களையும், கட்டிலையும், பெட்டி வைத்த மூலையையும், தட்டப்பட்ட கதவையும் வரையுங்கள். ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாங்கள் எழுதாமல் விட்டதை உங்கள் நான்கு கோடுகள் சொல்லும்.