மிஞ்சிய சோறும் அடுப்பெரிக்கும்

புனேயின் லோஹேகாவில் விமானப்படைத் தளமும் பயணிகள் விமான நிலையமும் ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. விமானிகளை அச்சுறுத்துவது மேகம் மட்டுமல்ல, பருந்தும்தான். பருந்தை அழைத்துவருவது வெளியே கொட்டப்படும் எச்சில் சோறும் இறைச்சிக் கழிவும். 1937-ம் ஆண்டு விமான விதிகளின் கீழ், விமான நிலையத்தைச் சுற்றி 10 கி.மீ. தூரத்துக்குள் குப்பை கொட்டுவது தடை செய்யப்பட்டது. பருந்துகள் சட்டம் படிப்பதில்லை. கொட்டுகிறவர்களும்தான்.

தொலைவில் கொண்டுபோய்க் கொட்டினால்? அதையும் புனே பார்த்துவிட்டது. 2017 ஏப்ரலில் புர்சுங்கி குப்பைக் கிடங்கில் தீப்பிடித்ததும் கிராமத்தினர் லாரிகளை மறித்தார்கள். நகரத்துக் குப்பை வாரக்கணக்கில் தேங்கி நாறியது. அதே ஆண்டு அக்டோபரில் லோஹேகாவும் மாநகராட்சியோடு இணைந்தது.

இதற்கு ஒரு விடை அதே புனேயில் முன்பே பிறந்திருந்தது. 'ஆர்த்தி' என்ற ஊரகத் தொழில்நுட்ப அமைப்பை நிறுவிய தாவரவியல் விஞ்ஞானி ஆனந்த் கார்வே, சாண எரிவாயுக் கலனைத் தலைகீழாக யோசித்தார். சாணம் என்பது மாடு ஏற்கெனவே செரித்துத் தள்ளிய மிச்சம். அதில் சத்து குறைவு. நுண்ணுயிரிகளுக்கு நேரடியாகச் சோறு போட்டால் என்ன? 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதற்குள் கவிழ்த்த 750 லிட்டர் தொட்டி. தொடக்கத்துக்கு மட்டும் சாணக் கரைசல். பிறகு தினம் சுமார் 2 கிலோ மாவுச்சத்துள்ள மிச்சம் போதும். சாணம் வாரக்கணக்கில் தரும் வாயுவை இது ஓரிரு நாளில் தந்துவிடும் என்பது கார்வேயின் கணக்கு. வாயு அடுப்புக்கு, வெளியேறும் கரைசல் செடிக்கு. செடியில் காய்த்தது மறுபடி சமையலறைக்கு. 2006-ல் பிரிட்டனின் ஆஷ்டன் விருது இதற்குக் கிடைத்தது.

ஆனால் மந்திரம் ஏதுமில்லை. சிறு குடும்பத்தில் தினம் 2 கிலோ மிஞ்சாது. விடுதிக்கும் உணவகத்துக்கும் காய்கறிச் சந்தைக்கும்தான் இது கச்சிதம். அளவுக்கு மீறிப் போட்டால் கலன் புளித்து வாயு நின்றுவிடும். பிளாஸ்டிக் கலந்தாலும் வம்புதான். மாநகராட்சி அமைத்த பெரிய உயிர்வாயு ஆலைகளிலும் பல முடங்கிக் கிடந்ததுண்டு.

ஆக, தொழில்நுட்பத்துக்கு முன்னால் வருவது தரம் பிரித்தல். புனேயில் 2008 முதல் 'ஸ்வச்' கூட்டுறவின் குப்பை சேகரிக்கும் பெண்கள் வீடுவீடாக ஏறி இறங்கி அதைச் செய்கிறார்கள். ஈரக் குப்பையைத் தனியாக எடுத்து வைப்பது வீட்டுக்காரரின் வேலை. அவர் அதைச் செய்தால் மிச்சச் சோறு அடுப்புக்குப் போகும். செய்யாவிட்டால் பருந்துக்கு.