எளிய இன்பத்தின் விலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்துக் கிராமமொன்றில், தம் நண்பரின் பண்ணையில் ஒரு திங்கள் தங்கி மீண்ட அன்பர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் வரைந்திருக்கிறார். அதனை நாம் இருமுறை படித்தோம். இரண்டாம் முறை படித்தது அதன் சுவைக்காகவே என்பதை ஒளிப்பானேன்? மாலையில் வீட்டின் முன்தாழ்வாரத்தில் ஆடும் நாற்காலியில் சாய்ந்திருத்தல், சில்வண்டுகளின் இரைச்சல், இருள் இறங்கியதும் புல்வெளிமேல் மிதக்கும் மின்மினிகள், உள்ளங்கையினும் பெரிதாய் மலர்ந்த மக்னோலியாவின் மணம், ஓடையில் தூண்டிலை இட்டு, மீன் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் ஒன்றே என்றிருக்கும் நிறைவு, மக்காச்சோள மாவிற் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய், பீகன் மரத்தின் நிழல், சென்ற ஆண்டு அம்மரம் உதிர்த்த கொட்டைகளை இட்டுச் சுட்ட பணியாரம். இவற்றுள் ஒன்றையேனும் நாம் இகழப் போவதில்லை. மின்மினியைக் கண்டு மகிழாத நெஞ்சு எந்தக் கொள்கைக்கும் பயன்படாது என்பதே நமது துணிபு.

ஆனால் அன்பர் அங்கே நிறுத்தினாரில்லை. “இவ்வின்பங்கள் எளியவை; விலையற்றவை; கண்ணும் காதும் உடைய எவரும் அடையத் தக்கவை. பட்டணத்திற் கிடந்து உரிமை, கூலி, சங்கம் என்று ஓயாது பேசும் உங்களுக்கு இவை விளங்கா” என்று முடித்திருக்கிறார். நமது வழக்கு இவ்விறுதி வரிகளோடுதான்.

விலையற்றவையா? அன்பரே, நீர் பாராட்டும் நாட்டுப்புற இன்பத்தை உம்மினும் பன்மடங்கு நுகர்ந்தவர் ஒருவர் அத்தென்னாட்டில் இருந்தார். அவர் தாமஸ் ஜெபர்சன்; நாட்டின் மூன்றாம் குடியரசுத் தலைவர். வர்ஜீனியாவில் மான்டிசெல்லோ என்னும் குன்றின்மேல் வீடு கட்டி, 1766-ஆம் ஆண்டு முதல் தம் தோட்டத்தைப் பற்றிக் குறிப்பேடு எழுதி வந்தவர். எந்த நாளில் பட்டாணி விதைத்தார், எந்த நாளில் அது காய்த்து மேசைக்கு வந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. மண்ணில் உழைப்போரே கடவுள் தேர்ந்தெடுத்த மக்கள் என்னும் கருத்தை எழுதியவரும் அவரே. நல்ல கருத்து. ஆயின், 1000 அடி நீளத்திற்குக் குன்றின் சரிவை வெட்டிச் சமன்செய்து அக்காய்கறித் தோட்டத்திற்கு இடம் அமைத்தவர்கள் அடிமைகள். தம் வாழ்நாளில் அவர் உடைமையாக வைத்திருந்த மாந்தர் 600-க்கும் மேற்பட்டோர். மண்ணில் உழைத்தவர்கள் இவர்களே. கடவுள் எவரைத் தேர்ந்தெடுத்தார் என்பது நமக்குத் தெரியாது. விலைச்சீட்டு எவர் மேல் ஒட்டப்பட்டிருந்தது என்பது தெரியும்.

அத்தோட்டத்தில் வார்ம்லி ஹியூஸ் என்றொரு தோட்டக்காரர் இருந்தார். மலர்ப்பாத்திகளை அமைத்ததும், கிழங்குகளை நட்டதும், மரங்களை வைத்ததும் அவர் கை. 1826 ஜூலை 4-ஆம் நாள் ஜெபர்சன் இறந்தபொழுது அவருக்குக் குழி வெட்டியதும் அதே கை. பிறகு நடந்தது யாது? தலைவர் விட்டுச்சென்ற கடனுக்காக 1827 சனவரித் திங்களில், குன்றின் மேலிருந்த அவ்வீட்டிலேயே, 130 அடிமைகளை விற்க ஏலம் கூறினர். ஹியூஸை விடுவித்துவிட்டனர், ஆனால் அவர் மனைவி அர்சுலாவும் பிள்ளைகளும் ஏலத்தில் விற்கப்பட்டனர். தாம் நட்ட மரங்களின் நடுவே நின்று அவர் அதைக் கண்டாரோ, எங்கேனும் ஓடி ஒளிந்துகொண்டாரோ! அந்தச் சனவரியில் அக்குன்றின்மேல் குளிர்ந்த காற்று வீசியிருக்கும். காட்சியும் அழகாகவே இருந்திருக்கும்.

“அது பழங்கதை, நான் தின்ற பணியாரத்திற்கும் அதற்கும் என்ன தொடர்பு?” என்று அன்பர் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. காட்டுப் பீகன் மரம் ஒன்று போல் ஒன்று காய்ப்பதில்லை. நல்ல மரத்தின் கிளையை ஒட்டுக் கட்டினால்தான் மெல்லிய ஓடும் மிகுந்த பருப்பும் உடைய கொட்டை தோட்டம் முழுவதும் ஒரே தன்மையாய்க் கிடைக்கும். இதனை வெற்றியுறச் செய்து காட்டியவர், லூசியானா மாநிலத்து ஓக் ஆலி என்னும் பண்ணையில் அடிமையாயிருந்த தோட்டக்காரர் ஒருவர். 1846-47 குளிர்காலத்தில் 16 மரங்களில் ஒட்டுக் கட்டினார். 1876-இல் பிலடெல்பியா நகரில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் அவ்வகைக் கொட்டை புகழ் பெற்று, ‘சென்டெனியல்’ என்னும் பெயரும் பெற்றது. கொட்டைக்குப் பெயர் கிடைத்தது. ஒட்டுக் கட்டியவருக்கோ ஆன்ட்வான் என்ற ஒற்றைப் பெயர் மட்டுமே ஏட்டில் எஞ்சியிருக்கிறது. வெண்டையும் அப்படியே. அதுவும், தென்னாட்டார் புத்தாண்டு நாளில் நற்பேறு வேண்டி உண்ணும் காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்தவை. விலங்கிடப்பட்டு வந்தவர்களின் கையால் அம்மண்ணில் வேரூன்றியவை. நம் வீட்டுக் குழம்பிலும் அவை இரண்டும் கொதிக்கின்றன. அதனால்தான் இதனைக் கூறுகிறோம்.

இனி, ‘எவரும் அடையத் தக்கவை’ என்னும் சொல்லைப் பார்ப்போம். ஒரு திங்கள் முழுதும் நம் அன்பர் செய்த செயல் யாது? வேலை ஏதுமின்றித் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தார். நன்று. அடிமை முறை ஒழிந்த 1865-ஆம் ஆண்டிலேயே மிஸ்ஸிஸிப்பி மாநிலம் ஒரு சட்டம் இயற்றிற்று. 1866 சனவரியின் இரண்டாம் திங்கட்கிழமையன்றோ அதற்குப் பின்னரோ, 18 வயதைக் கடந்த கறுப்பினத்தவர் எவரேனும் தொழிலின்றிக் காணப்படின் அவர் ‘வீணில் திரிபவர்’. தண்டம் 50 டாலர் வரை. தண்டம் கட்ட முடியாதவரை, அதனைக் கட்ட முன்வரும் முதலாளியிடம் கூலிக்கு ஒப்படைத்துவிடலாம். அன்பர் இன்பம் என்று கண்ட அதே அமர்வு, தோல் நிறம் வேறாயின், குற்றம்! அதே ஆண்டில் அதே மாநிலம், நகர எல்லைக்கு வெளியே கறுப்பினத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பதையும் தடுத்தது. நாட்டுப்புறத்தில் உழைக்கலாம், நாட்டுப்புறத்தில் சொந்தமாக ஒரு காணி நிலத்தில் நின்று காற்று வாங்குதல் ஆகாது. இச்சட்டங்கள் நெடுநாள் ஏட்டில் நிற்கவில்லை. அவற்றின் எண்ணம் நின்றது.

தூண்டிலுக்கும் வரலாறு உண்டு. அடிமைக் காலத்திற்குப் பின் ஏழைகள், கறுப்பரும் வெள்ளையரும், மீன் பிடித்தும் சிறு வேட்டையாடியும், பன்றியையும் பசுவையும் பொதுக்காட்டில் மேயவிட்டும் வயிற்றைக் கழுவினர். வயிறு தானாக நிரம்பினால் பருத்திக் காட்டிற்கு ஆள் வருவாரோ? வாரார். ஆகவே 1870-களிலும் 80-களிலும் ஜார்ஜியாவில் வேலிச் சட்டங்களும், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் கட்டுப்பாடுகளும் வந்தன. முன்பு பயிரைச் சுற்றி வேலி. இப்பொழுது மாட்டைச் சுற்றி வேலி. நிலம் இல்லாதவன் மாட்டை எங்கே மேய்ப்பான்? எளிய இன்பங்கள் எளியவர்களிடமிருந்து எடுக்கப்பட்ட முறை இது. நம் அன்பர் தூண்டில் போட்ட மாநிலமும் அந்த ஜார்ஜியாவே.

நாம் பேசுவது புதுமையன்று. அன்பர் பேசுவதும் புதுமையன்று. 1930-ஆம் ஆண்டில் தென்னாட்டு எழுத்தாளர் பன்னிருவர், அவர்களுட் பலர் நாஷ்வில் நகரத்து வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையோர், உழவு வாழ்வை உயர்த்தியும் ஆலை வாழ்வைத் தாழ்த்தியும் ஒரு கட்டுரைத் தொகுதி வெளியிட்டனர். மனிதனை இயந்திரத்தின் பல்லாக்கும் வாழ்வைப் பற்றி அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் வரைந்த பண்ணையில், வாரத்திற்குப் பயிரிட்டு, விளைந்ததில் பாதியை நிலக்காரனுக்கு அளந்து, மீதியைக் கடைக் கடனுக்குத் தொலைத்துவிட்டு ஆண்டிறுதியில் வெறுங்கையோடு நின்ற குடும்பம் எங்கே? ஓரத்தில், நிழலைப் போல. அப்பன்னிருவருள் ஒருவரான ராபர்ட் பென் வாரன், அத்தொகுதியில் இனப்பிரிவினைக்கு இடங்கொடுத்து எழுதியவர், பிற்காலத்தில் அக்கருத்தைக் கைவிட்டார். அவ்வளவு நேர்மையை நம் அன்பரிடமும் எதிர்பார்க்கிறோம்.

இங்கே நம்மவர் சிலர்க்கும் ஒரு சொல். “பூவாவது, மின்மினியாவது! அதெல்லாம் வயிறு நிறைந்தோர் பொழுதுபோக்கு. தொழிலாளிக்கு வேண்டுவது கூலி ஒன்றே” என்று தோழர்கள் சிலர் மேடையேறி முழங்குகின்றனர். முதலாளியும் அதைத்தானே சொல்கிறான்? மிசூரி மாநிலத்தில் அடிமைத் தாய்க்குப் பிறந்த சிறுவன் ஒருவன், காட்டிலிருந்து மலர்ச்செடிகளைப் பறித்துவந்து வீட்டிற்குச் சற்று அப்பால் புதருக்குள் ஒரு சிறு தோட்டம் போட்டான், மறைத்துத்தான் போட்டான். பூக்களுக்காகப் பொழுதைச் செலவிடுவது மடமை என்பது அவ்வட்டாரத்தார் எண்ணம். அவனே பின்னாளில் அலபாமா மாநிலத்து டஸ்கீஜி கல்விக்கூடத்திற்கு 1896-இல் வந்து சேர்ந்த அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். பருத்தியால் சத்திழந்த மண்ணில் நிலக்கடலையும் காராமணியும் சர்க்கரைவள்ளியும் இடச் சொல்லி ஏழை உழவர்க்குத் துண்டுநூல்கள் எழுதினார். 1906-இல் கருவிகளை வண்டியிலேற்றி அவர்கள் நிலத்திற்கே பள்ளிக்கூடத்தை அனுப்பினார். விடியுமுன் காட்டிற்குள் உலவுவதை அவர் விட்டதில்லை; சட்டையில் மலர் ஒன்று செருகாமல் வெளியே வந்ததும் அரிது. மண்ணின் சத்தையும் மலரின் அழகையும் ஒரே கண்தான் கண்டது. தொழிலாளிக்குப் பூ வேண்டாம் என்னும் தோழர்கள் இவரிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஆதலின் கேள்வி இன்பம் வேண்டுமா வேண்டாமா என்பதன்று. தாழ்வாரம் யாருடையது, பட்டா யார் பெயரில் என்பதே கேள்வி. 1920-ஆம் ஆண்டுக் கணக்கில் அமெரிக்காவில் கறுப்பின உழவர் 925,000-க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் குத்தகைக்காரரும் வாரக்காரருமே. ஆயினும், அடிமைத்தளை அறுந்து ஐம்பத்தைந்தே ஆண்டுகளில், இரண்டு லட்சம் பேர்க்குக் குறையாமல் சொந்த நிலம் வாங்கியிருந்தனர். 2017-ஆம் ஆண்டுக் கணக்கில் கறுப்பின உழவர் ஐம்பதாயிரத்திற்கும் குறைவு. பட்டணத்து ஆலைகள் இழுத்தது ஒரு பங்கு. வங்கிக் கடனும் அரசாங்கக் கடனும் மறுக்கப்பட்டது ஒரு பங்கு. அச்சுறுத்தல் ஒரு பங்கு. இன்னொரு வழி மிக நுட்பமானது. உயில் எழுதாமல் பாட்டன் இறந்தால் நிலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் பொதுவாகிறது. எங்கோ தொலைவிலுள்ள ஒரு பேரனிடம் ஒரு சிறு பங்கை வெளியாள் வாங்குகிறான்; வாங்கியதும் நீதிமன்றம் சென்று, நிலம் முழுவதையும் விற்றுப் பங்கிடும்படி கேட்கிறான்; ஏலத்தில் தானே எடுத்துக்கொள்கிறான். இதனைத் தடுக்க 2010-இல் ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டு, ஜார்ஜியா, தென் கரோலினா உள்ளிட்ட பல மாநிலங்கள் பின்னர் அதை ஏற்றன. அதற்குள் போனது போனதுதான்.

தென் கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவைக் கேளுங்கள். 1862-இலேயே விடுதலையடைந்த மக்கள் மிட்செல்வில் என்னும் ஊரை அங்கு அமைத்தனர். அவர்கள் வழிவந்த குல்லா மக்கள் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்தும் பயிரிட்டும் அங்கு வாழ்ந்தனர். 1956-இல் பாலம் வந்தது. பாலத்தின் வழியே காசு வந்தது. கோல்ப் திடல்களும் காவலர் நிற்கும் வாயில்களும் வந்தன. அவ்வாயில்களுக்கு உள்ளிருந்த குடியிருப்புகள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர் யாது? ‘பிளாண்டேஷன்’! அடிமைகளின் முதுகில் சாட்டை வீழ்ந்த இடத்தின் பெயரை ஓய்வுக்கும் இயற்கை இன்பத்திற்கும் பெயராக்கிவிட்டனர். குல்லா மக்கள் சிலர் தம் முன்னோரின் இடுகாட்டைக் காண வேண்டுமாயினும் காவலரிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. அதே கடற்காற்று, அதே ஓக் மரம், அதே மறையும் ஞாயிறு. ‘எவரும் அடையத் தக்கவை’ என்கிறார் அன்பர்.

இந்நாட்டு வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. குன்றின்மேல் துரை பங்களா, பள்ளத்தில் லயம் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் பெற்றோர். விடியுமுன் பெரட்டுக்கு நின்ற பாட்டிக்கும் ரப்பர்க் காட்டுப் பனி தெரியும். பங்களாவின் தாழ்வாரத்தில் தேநீர் அருந்திய துரைக்கும் அது தெரியும். நினைவுக் குறிப்பு எழுதியவர் துரை. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றித் தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முற்பட்டதன் பொருளும் இதுவே.

அதே பொருளைத் தென்னாட்டில் கண்டவர் பான்னி லூ ஹேமர் அம்மையார். வாரக்குடியில் இருபது பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தவர். பதினெட்டு ஆண்டு உழைத்த பண்ணையிலிருந்து, வாக்காளராகப் பதிந்துகொள்ள முயன்ற ஒரே குற்றத்திற்காக, 1962 ஆகஸ்டு 31-ஆம் நாள் இரவே விரட்டப்பட்டவர். அவர் 1969-இல் மிஸ்ஸிஸிப்பியில், சன்பிளவர் வட்டத்தில், 40 ஏக்கர் வாங்கிக் கூட்டுப் பண்ணை தொடங்கினார். ஏழைக் குடும்பங்களுக்குக் காய்கறி விளைந்தது. சினைப்பன்றி ஒன்றைக் குடும்பத்துக்குக் கொடுப்பர். அது ஈன்ற குட்டிகளுட் சிலவற்றைத் திரும்பப் பெற்று வேறு குடும்பங்களுக்கு அளிப்பர். பணமுடையால் 1970-களிலேயே அப்பண்ணை நின்றுபோயிற்று. ஆயினும் சில ஆண்டுகளேனும் அங்கு வெண்டை பறித்தவர் தம் அடுப்பிற்கென்றே பறித்தனர். மாலையில் வாசற்படியில் அமர்ந்தவரை எழுப்பி விரட்ட ஒருவனும் இல்லை.

அன்பர் வரும் ஆண்டும் அப்பண்ணைக்குச் செல்லவிருப்பதாக எழுதியுள்ளார். சென்று வருக. மின்மினிகளை நமக்காகவும் பார்த்து வருக. ஆடும் நாற்காலியிலிருந்து ஒரு காலை எழுந்து வட்டத்து நிலப்பதிவு அலுவலகத்திற்குச் சென்று, அந்நிலம் 1865-இல் யார் பெயரில் இருந்தது, 1920-இல் யார் பெயரில் இருந்தது, இடையில் எவ்வாறு கைமாறியது என்று பார்த்து எழுதுக. பீகன் மரத்தை நட்டவர் யார் என்று வீட்டாரைக் கேட்டு அதனையும் எழுதுக. அக்கடிதம் எவ்வளவு நீண்டதாயினும் இப்பகுதியிலேயே முழுவதும் வெளியிடுவோம்.