கல்வெட்டில் இல்லாத பெயர்கள்!



அக்டோபர் 1 உலக முதியோர் தினம். 1990-இல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்து, 1991 முதல் கடைப்பிடிக்கப்பட்டு வரும் நாள். ஆண்டுதோறும் நம்ம பள்ளி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் அன்று முதியோர் இல்லத்துக்குப் போகிறோம். பழம், பிஸ்கட், பாட்டு, நடனம். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. நன்கொடையாளருக்கு நினைவுப் பரிசு. நன்றியுரை, நாட்டுப்பண், குரூப் போட்டோ. முடிந்தது!

இதில் விடுபட்டுப் போனவர் யார் என்று யோசித்தீர்களா?

நாம் பத்து மணிக்குப் போவதற்கு முன்னால் அத்தனை தாத்தா பாட்டிகளையும் குளிப்பாட்டி, துணி மாற்றி, தலை வாரி, கைத்தாங்கலாகக் கூட்டி வந்து நாற்காலியில் உட்கார வைத்த ஆயாம்மா! விழா நடக்கும்போது அவர் தூணுக்குப் பின்னால் நிற்பார். போட்டோ எடுக்கும்போது "கொஞ்சம் தள்ளிக்கோங்கம்மா" என்பார்கள். அவரும் தள்ளி நின்றுகொள்வார்.

எந்த இல்லத்துக்குள் நுழைந்தாலும் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. ஃபேனில் பெயர், சுவர்க்கடிகாரத்தில் பெயர், சிமெண்ட் பெஞ்சில் 'உபயம்' என்று பெயர். ட்யூப்லைட்டில் கூடப் பெயர்! கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் கொடுக்காவிட்டால் ஃபேன் ஓடாது. ஆனால் அந்த ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கும் பாட்டியைத் தூக்கி உட்கார வைக்கும் கைக்கு மட்டும் பெயர் எங்கேயும் இல்லையே, ஏன்?

"வயசானவங்களைப் பார்த்துக்கிறதுல என்ன பெரிய வித்தை?" என்று கேட்பவர்கள் உண்டு. வித்தைதான்! படுத்த படுக்கையாக இருப்பவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும். வந்துவிட்டால் ஆறுவது மிகவும் கடினம். அப்படியானால் இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் யாரோ ஒருவர் எழுந்தாக வேண்டும் அல்லவா? விழுங்கச் சிரமப்படுபவருக்கு நிமிர்த்தி உட்கார வைத்து, வாயில் உள்ளது இறங்கியதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த ஸ்பூன் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் சாப்பாடு மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. மறதி நோய் உள்ள சிலர் சாயங்காலம் ஆனதும் "வீட்டுக்குப் போகணும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அவர்களிடம் "உங்களுக்கு வீடே இல்ல" என்று சொல்வதா, "வாங்க, காபி குடிச்சிட்டுப் பேசலாம்" என்று தோளில் கை போடுவதா? நல்ல ஆயாம்மாவுக்கு இந்த வித்தியாசம் தெரியும். எந்தப் பாடப்புத்தகத்தில் படித்தார்?

இந்த வேலையில் பெயர் மறைந்து போவது இன்று நேற்று நடப்பதல்ல. ஒரு வரலாறு சொல்கிறேன். பிரான்ஸ் நாட்டில் ழான் ஜுகான் என்ற ஏழைப் பெண் இருந்தார். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். 1839-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் கண் தெரியாத, நடக்க முடியாத ஒரு மூதாட்டியைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். பிறகு முதியவர்கள் பெருகப் பெருக, கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேட்டு அவர்களைக் காப்பாற்றினார். 1845-இல் பிரெஞ்சு அகாதமி அவருக்கு விருதும் கொடுத்தது. அவர் தொடங்கிய அமைப்புதான் 'ஏழைகளின் சிறு சகோதரிகள்' சபை. 1882-இல் கல்கத்தாவுக்கும் வந்தது.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? சபையை நடத்திய பாதிரியார் தன்னையே நிறுவனர் என்று சொல்லிக்கொண்டு, ழான் ஜுகானை ஒதுக்கி வைத்துவிட்டார். கடைசி 27 ஆண்டுகள் ஒரு சாதாரண சகோதரியாக இருந்து, 1879-இல் அவர் இறந்தபோது, கூட இருந்த இளம் சகோதரிகள் பலருக்கு இவர்தான் சபையைத் தொடங்கியவர் என்பதே தெரியாது! உண்மை பின்னால்தான் வெளியே வந்தது. 2009-இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். தொடங்கியவருக்கே இந்தக் கதி என்றால், மாதச் சம்பளத்துக்கு வரும் ஆயாம்மாவின் பெயரை யார் எழுதி வைக்கப் போகிறார்கள்?

நம் நாட்டில் விருது இல்லையா என்றால், இருக்கிறது. செவிலியர்களுக்கு 1973 முதல் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் தேசிய விருது உண்டு. முதியோருக்காக 2013-இல் வகுக்கப்பட்ட 'வயோஷ்ரேஷ்ட சம்மான்' தேசிய விருதில் சிறந்த நிறுவனம், சிறந்த மாநிலம், நூறு வயது கண்டவர், சாதனை படைத்த முதியவர் என்றெல்லாம் பிரிவுகள் வைத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஆயாம்மா செவிலியர் படிப்பு படித்தவர் அல்ல. நிறுவனமும் அல்ல. முதியவரும் அல்ல. இந்த வரிசையில் அவர் எங்கே போய் நிற்பார்?

இந்தக் கருத்தை வகுப்பில் சொன்னபோது இரண்டு கேள்விகள் வந்தன.

முதல் கேள்வி: "அவங்க சம்பளம் வாங்குறாங்க இல்ல? அப்புறம் எதுக்குப் பாராட்டு?" கலெக்டரும் சம்பளம் வாங்குகிறார், விளையாட்டு வீரரும் பணம் வாங்குகிறார். அவர்களைப் பாராட்டும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லையே! சம்பளம் வேலைக்கு. மலம் அள்ளும்போதும் முகம் சுளிக்காமல் "பரவால்ல தாத்தா" என்று சொல்கிறாரே, அதற்குச் சம்பளப் பட்டியலில் தனிக் கட்டம் கிடையாது.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. "பொன்னாடை சோறு போடுமா?" போடாது! ஒத்துக்கொள்கிறேன். நியாயமான சம்பளம், வார விடுமுறை, கையுறை, தூக்கி இறக்க இன்னொரு ஆள், இவைதான் முதல் மரியாதை. இவற்றைக் கொடுக்காமல் கைதட்டல் மட்டும் கொடுத்தால் அது ஏமாற்று வேலை. ஆனால் பாராட்டும் சம்பளமும் எதிரிகள் அல்ல. 'ஒரு வேளை அன்னதானம்' என்று நன்கொடைப் பலகையில் எழுதுகிறோம். அதன் கீழேயே 'ஓர் ஆயாம்மாவின் ஒரு மாதச் சம்பளம்' என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? அந்த வேலைக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்தால்தானே யாராவது அந்த வரிக்குப் பணம் கட்டுவார்கள்!

மதிப்பில்லாத வேலையில் யாரும் நிலைக்க மாட்டார்கள். நல்லவர் ஒருவர் விலகிப் போனால் நஷ்டம் யாருக்கு? மகன் பெயரையே மறந்துவிட்ட ஒரு பாட்டிக்கு அந்த ஒரு கையின் தொடுதல் மட்டும்தான் பழகியிருக்கும். அதுவும் போய்விட்டால் அவர் யாரை நம்பி வாயைத் திறந்து சாப்பிடுவார்?

அடுத்து, தன்னார்வத் தொண்டர்கள். பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட ஒரு நாள் வருபவரும் தொண்டர், வாராவாரம் வந்து நகம் வெட்டி, கடிதம் படித்துக் காட்டிவிட்டுப் போகிறவரும் தொண்டர். இருவரும் ஒன்றா? கேரளத்தில் கோழிக்கோட்டில் 1993-இல் வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கம் தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்த அக்கம்பக்கத்தார் அமைப்பில், வாரத்துக்கு 2 மணி நேரமாவது ஒதுக்கக் கூடியவர்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, அதன் பிறகுதான் நோயாளியிடம் அனுப்புகிறார்கள். ஒரு நாள் கூட்டத்தை விட ஓராண்டு வருகை பெரிது என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, நாம் என்ன செய்யலாம்? நம் பள்ளிக்கு என் யோசனைகள் மூன்று:

1. இந்த அக்டோபர் 1 அன்று முதல் பொன்னாடை இல்லத்துப் பணியாளர்களுக்கே. ஆயாம்மா, சமையல்காரர், இரவுக் காவலர், துப்புரவுப் பணியாளர் எல்லோரையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைக்க வேண்டும். சிறப்பு விருந்தினரே அதைப் போர்த்தட்டும்!

2. சிறந்த பணியாளரை மேலாளர் மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. இல்லத்தில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும். பேச முடியாதவர்கள்? அவர்களுடைய நகத்தையும் குதிகாலையும் பாருங்கள். யாருடைய கை பட்டால் பயப்படாமல் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களும் ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். இரவு வேலை பார்ப்பவர்களை மறக்கவே கூடாது. அவர்களை எந்தப் பார்வையாளரும் பார்ப்பதில்லை.

3. சான்றிதழில் 'சிறந்த சேவை' என்று மொட்டையாக எழுதக் கூடாது. 'மூன்று ஆண்டுகளாக ஒருவருக்கும் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டவர்' என்பது போல, செய்த வேலையை எழுத வேண்டும். அப்போது மற்றவர்களுக்குப் பொறாமை குறையும். எதற்காகக் கொடுத்தார்கள் என்று தெரியும், தாங்களும் செய்யலாம் என்று தோன்றும்.

வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலுக்கென்று 11-ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். நாம் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறோம். பக்கத்துத் தெருவிலேயே அதைச் செய்து காட்ட ஓர் இடம் இருக்கிறதே!

நம் எல்லோருக்கும் ஒருநாள் வயதாகும். அன்றைக்கு நம்மைப் புரட்டிப் படுக்க வைக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை இருக்க வேண்டுமானால், இன்றைக்கே அந்தக் கைக்கு உரியவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!

– 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி