இயந்திரம் மாறியது, மூளை மாறவில்லை

பழைய வாகனத்துக்கு வேறோர் இயந்திரம் பொருத்துவது இலங்கையில் இன்று அதிசயமான காரியம் அன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அக்கதவு 2025இன் தொடக்கத்திலேதான் மீண்டும் திறந்தது. திறந்த பின்னரும் வரிச்சுமையும் ரூபாவின் வீழ்ச்சியும் சேர்ந்து புதிய வாகனத்தைச் சாதாரண மனிதரின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டன. ஆகவே, இருபது ஆண்டுகள் ஓடிய பிக்கப்பின் இயந்திரம் செத்துப்போனால் அதன் உரிமையாளர் புதிய வாகனத்தை நினைப்பதில்லை. ஜப்பானிலிருந்து வந்திறங்கிய பாவித்த இயந்திரமொன்றைத் தேடிக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் பயணப்படுகிறார்.

இதில் பிழையேதும் இல்லை. சொல்லப்போனால், திருத்திப் பயன்படுத்துவது நமக்குக் கைவந்த கலை. 1990களில் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்தபோது, பெற்றோலில் ஓட வேண்டிய பழைய கார்களைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள். பற்றறி கிடைக்காத அந்த நாட்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றியே வானொலியில் செய்தி கேட்டோம். இயந்திரத்தின் ஓசையைக் காதால் கேட்டே நோயைச் சொல்லும் கைராசிக்காரர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள்.

ஆனால், அந்தக் காது இன்று போதுமானதாக இல்லை. அன்று இயந்திரத்தை மாற்றுவதென்றால் தாங்கிகளைப் பொருத்தி, கிளச்சைச் சேர்த்து, எண்ணெய்க் குழாய்களை இணைத்தால் வேலை முடிந்தது. இன்றைய டீசல் இயந்திரத்துக்கோ உடல் ஓரிடம், மூளை ஓரிடம். எரிபொருளை எந்தக் கணத்தில், எவ்வளவு தெளிக்க வேண்டுமென்று கட்டளையிடுவது கட்டுப்பாட்டுக் கணினி. அதற்குச் செய்தி கொண்டுவருபவை சென்சர்கள். திறப்பை அடையாளம் கண்டால்தான் இயந்திரத்தை இயங்க விடுவது இம்மொபிலைசர். இவற்றில் ஒன்று பழைய வாகனத்திலிருந்தும் மற்றது புதிய இயந்திரத்திலிருந்தும் வந்திருந்தால், ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்காது. வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரியான செருகிகூட, தயாரிப்பு ஆண்டு வேறானால் உள்ளே வேறு வரிசையில் வயரிடப்பட்டிருக்கக்கூடும்.

எனக்குத் தெரிந்த மரக்கறி வியாபாரி ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே சொல்வது பொருத்தம். அவருடைய டபிள் கப் பிக்கப்புக்கு அதே வகையைச் சேர்ந்த இயந்திரமொன்று மாற்றப்பட்டது. இரண்டாம் நாளே எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சுமையோடு ஏற்றத்தில் போகையில் இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளும் நிலைக்குள் ஒடுங்கி, ஆமை வேகத்தில் ஊர்ந்தது. இரவில் முன்விளக்கைப் போட்டால் தொல்லை இரட்டித்தது. முதலாவது கராஜில் அமுக்கச் சென்சரை மாற்றினார்கள். இரண்டாவதில் அக்சிலரேற்றர் மிதியை மாற்றினார்கள். மூன்றாவதில் கட்டுப்பாட்டுக் கணினியே பழுதென்று தீர்ப்பளித்தார்கள். மூன்று மாத வருமானம் கரைந்தது; விளக்கு மட்டும் அணையவில்லை.

கடைசியில் ஓர் இளைஞர் மல்ரிமீற்றரோடு வந்தார். முன்விளக்குகளை எரியவிட்டு, பற்றறியின் மறைமுனைக்கும் வாகனத்தின் உடலுக்கும் இடையே வோல்ற்றளவை அளந்தார். 0.2 வோல்ற்றுக்குள் அடங்க வேண்டியது ஒன்றரை வோல்ற்றைத் தாண்டி நின்றது. இயந்திரத்தையும் உடலையும் இணைக்கும் ஏர்த் பட்டியைப் புதிதாகப் பூசிய பெயின்ற்றின் மேலேயே முறுக்கி வைத்திருந்தார்கள். பெயின்ற்றைச் சுரண்டி, மீண்டும் இறுக்கியதும் பிரச்சினை தீர்ந்தது. மாற்றப்பட்ட உதிரிப்பாகங்கள் ஒன்றுகூடத் தேவைப்பட்டிருக்கவில்லை.

இது ஒருவருடைய துரதிர்ஷ்டம் மட்டுமன்று. ஆய்வுக்கு முன் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தின் விளைவு இது. பத்திரிகைத் தொழிலில் எங்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் பாடம், முறைப்பாடு தீர்ப்பாகாது என்பது. வாகனக் கணினி காட்டும் பிழைக் குறியீடும் ஒரு முறைப்பாடுதான். 'இந்தச் சென்சரிலிருந்து வரும் செய்தி நம்பத்தக்கதாக இல்லை' என்று மட்டுமே அது சொல்கிறது. செய்தி கொண்டுவந்தவர் பொய்யரா, வழியில் வயர் அறுந்ததா, ஏர்த் கெட்டதா என்பதை மனிதர்தான் விசாரிக்க வேண்டும்.

அந்த விசாரணைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பற்றறி: ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ற், இயந்திரம் ஓடுகையில் பெரும்பாலும் 14 வோல்ற்றுக்கு அண்மையாக இருத்தல் வேண்டும். அடுத்து, இயந்திரத்துக்கும் உடலுக்கும் கணினிக்கும் உரிய ஏர்த் இணைப்புகள். இவற்றைச் சுமை கொடுத்தே சோதிக்க வேண்டும். சும்மா இருக்கும்போது நோய் தெரியாது. பின்னர் பியூஸ்களும் றிலேகளும். அதன் பின்னரே சென்சர்கள். பல சென்சர்கள் 5 வோல்ற் வழங்கலொன்றைப் பகிர்ந்துகொள்வதால், ஒன்று குறுக்குச்சுற்றானால் குற்றமற்ற மற்றவையும் குறியீட்டில் சிக்கும். ஒரே நேரத்தில் நாலைந்து குறியீடுகள் வந்தால் நாலைந்து பாகங்களை வாங்காமல், அவற்றுக்குப் பொதுவான வயரைத் தேடுவதே அறிவுடைமை. கணினிகள் தமக்குள் பேசும் கான் இணைப்பில் இரு முனைகளிலும் 120 ஓம் தடைகள் உண்டு. பற்றறியைக் கழற்றிவிட்டு அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை வழியில் எங்கோ துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். இன்ஜெக்ரர்களுக்கான திருத்தக் குறியீடுகளையும் பல இயந்திரங்களில் கணினிக்குள் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் புகையும் நடுக்கமும் மிஞ்சும்.

இவ்வளவுக்கும் தேவைப்படுவது மல்ரிமீற்றரும் பொறுமையும் வயரிங் வரைபடமும். முதலாவது மலிவானது. இரண்டாவதைப் பழகிக்கொள்ளலாம். மூன்றாவதுதான் கிடைப்பதில்லை. என்னுடைய குறை மெக்கானிக்குகள் மீதானது அன்று. வரைபடத்தைப் பூட்டி வைத்துவிட்டு, இருட்டில் ஊசி தேடுபவனைப் பார்த்துத் திறமையற்றவன் என்பது நியாயமாகாது.

உலகம் இதில் சில அடிகள் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து, வாகனங்களைத் திருத்தும் தகவல்களைச் சுயாதீன கராஜ்களுக்கும் தயாரிப்பாளர்கள் தர வேண்டுமென்று சட்டமாக்கினார்கள். அவுஸ்திரேலியாவில் அத்தகைய கட்டாயத் திட்டம் 2022 யூலை 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அந்நாடுகளைவிட வாகனங்களை நீண்டகாலம் வைத்திருக்கும் நமக்கன்றோ இந்த உரிமை அதிகம் தேவை?

தகவலைத் திறந்துவிட்டால் கள்வருக்கும் வழி திறக்குமே, புகைக் கட்டுப்பாட்டை முடக்குவோர் பெருகுவரே என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால், இம்மொபிலைசரின் இரகசியக் குறியீடு வேறு, வயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற வரைபடம் வேறு. முன்னதை அடையாளம் உறுதிப்படுத்தப்பட்டவர்களுக்கு மட்டும் வழங்கலாம். பின்னதை மறைப்பதால் எந்தக் கள்வனும் தடுக்கப்படுவதில்லை. புகையைப் பொறுத்தவரை, 2008 முதல் நடைமுறையிலுள்ள வாகனப் புகைப் பரிசோதனை இருக்கிறது. தகவலின்றி அரைகுறையாகப் பொருத்தப்பட்ட இயந்திரமே அதிகம் புகை கக்கும்.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில உண்டு. பாவித்த இயந்திரத்தை விற்பவர் அதற்குரிய கணினியையும் வயர்த்தொகுதியையும் சேர்த்தே விற்க வேண்டும். இல்லையென்றால் இல்லையென்று பற்றுச்சீட்டில் எழுத வேண்டும். இயந்திர இலக்கம் மாறியதைப் பதிவுப் புத்தகத்தில் திருத்திக்கொள்வதும் உரிமையாளரின் கடமை. கிளிநொச்சியிலும் மொரட்டுவையிலும் உள்ள ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனங்கள் போன்றவை, ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கு மாலைநேர மின்னணுப் பயிற்சி அளித்தால் பயன் பெரிது. நாற்பது வயது மெக்கானிக் தன் கராஜைப் பூட்டிவிட்டு இரண்டு ஆண்டு படிக்கப் போகமாட்டார்.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாகனத் திருத்தகங்களில் பணிபுரியும் நம்மவர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அவர்களுடைய கையில் நவீன கருவியும் இருக்கிறது, நாவில் தமிழும் இருக்கிறது. பழுதைக் கண்டறியும் முறையை எளிய தமிழில் எழுதிவைத்தால், நெல்லியடியிலோ வவுனியாவிலோ இருக்கும் ஒரு கராஜின் சுவரில் அது ஒட்டப்படும். கோயில் திருவிழாவுக்கு அனுப்பும் பணத்தைவிட அது குறைந்த உதவியன்று.

வாகன உரிமையாளர்களுக்கும் ஒரு சொல். 'இந்தப் பாகம் பழுது' என்று சொல்லப்படும்போது, 'எதை அளந்தீர்கள், எவ்வளவு காட்டியது, எவ்வளவு காட்டியிருக்க வேண்டும்?' என்று பணிவாகக் கேளுங்கள். விடை இருந்தால் தயங்காமல் பணத்தைக் கொடுங்கள்; அளந்து சொல்பவருக்குக் கூலியைக் கூட்டியும் கொடுங்கள். விடை இல்லையென்றால், பாகம் வாங்குவதற்கு முன் ஏர்த் பட்டியை ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.