பொருள் அறியாமற் கையொப்பமோ?

ஒட்டுசுட்டானில் உறுதிக் காணிக்கும் பெர்மிற் காணிக்கும் உள்ள வேறுபாட்டை அறியாத கமக்காரர் ஒருவரும் இலர். உறுதி உடைமையைத் தருவது. பெர்மிற் நிபந்தனையோடு கூடியது. அரசின் அனுமதியின்றி விற்க இயலாதது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் வழியே புழக்கத்துக்கு வந்த ஆங்கிலச் சொல் அது. பள்ளிக்கூடம் சென்றறியாத முதியவரும் அதன் பொருளைத் துல்லியமாக விளக்குவார். தம் வயலும் வாழ்வும் அச்சொல்லில் தங்கியிருந்தமையால் அதனைக் கற்றுக்கொண்டார்.

அவருடைய பேரன் இன்று கடவுச்சீட்டுடன் நிற்கிறான். அவன் முன் நீட்டப்படும் பத்திரத்திலுள்ள சொற்களின் பொருளை அவனுக்கு எடுத்துரைத்தவர் யார்?

வெளிநாடு செல்வோரை நாம் பழிக்கவில்லை. 2022ஆம் ஆண்டில், பொருளாதாரம் நிலைகுலைந்தபோது, 3 இலட்சத்துக்கு மேற்பட்ட இலங்கையர் வேலை தேடிப் பிறநாடு சென்றனர். 2009இல் யாவற்றையும் இழந்து, பின்னர் வெறுங்கையோடு மீள்குடியேறிய முல்லைத்தீவு மக்களிடம், முத்தையன்கட்டுக் குளத்து நீரையும் விளைந்த நெல்லையும் காட்டிப் "போகாதே" என்று உபதேசிப்பது எளிது. நெல்லுக்கு விலையும் இளைஞனுக்கு வேலையும் காட்டாத உபதேசம் எவர் செவியில் ஏறும்?

போகிறவன் அறிந்து போகட்டும் என்பதே நம் கோரிக்கை. வெளிநாட்டு வேலைக்கென ஆங்கிலம் கற்கும் இளைஞர் தம்மை அறிமுகஞ் செய்யவும், நேர்முகத்தில் விடை கூறவும், தேர்வில் புள்ளி பெறவும் பயில்கின்றனர். நன்று. ஆயின் அவை வாசலைத் திறக்கும் சொற்கள். உள்ளே புகுந்தபின் காக்கும் சொற்கள் வேறு. அவற்றை மனனஞ் செய்தாற் போதாது, தமிழில் விளங்கவேண்டும்.

"விசிட் விசா" என்பது பார்த்து வருவதற்கான அனுமதி, உழைப்பதற்கானதன்று. அதனை வைத்து வேலை செய்பவன் அந்நாட்டுச் சட்டத்தின் முன் குற்றவாளி. கூலி கிடைக்காவிடினும் முறையிட அஞ்சுவான். "ஒபர் லெட்டர்" வேலை தருவதாகக் கூறும் கடிதம் மட்டுமே. அது விசா ஆகாது. "ஸ்பொன்சர்ஷிப்" என்பது பிரித்தானியாவில் உரிமம் பெற்ற முதலாளி தம் பணியாளருக்கு வழங்குவது. சந்தையில் விலைபேசி வாங்கும் சரக்கன்று. அந்த முதலாளியின் வேலை போய்விட்டால், வேறொரு முதலாளியைத் தேட வழக்கமாக 60 நாள் தவணையே உண்டு. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளரை எடுப்பதை அந்நாடு நிறுத்திவிட்டது. இதனை அறியாதவனிடமே இல்லாத விசாவுக்கு முற்பணம் வாங்க இயலும். பற்றுச்சீட்டின் அடியில் "நொன் ரிபண்டபிள்" என்று இருப்பின் கொடுத்த பணம் மீளாது என்பது பொருள். உறுதிக் காணியை ஈடு வைத்தும் தாலிக்கொடியை அடகு வைத்தும் பணங்கட்டும் தந்தைக்கு அவ்வொரு சொல் தெரிந்திருக்க வேண்டாமா?

அறியாமையின் விலையை நாடு கண்டுவிட்டது. 2022இல், சுற்றுலா விசாவில் அழைத்துச் செல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் ஓமானில் அகப்பட்டுத் தவித்த செய்தி வெளிவந்தது. கணினி வேலை என்று நம்பிச் சென்ற இலங்கையர் பலர் மியான்மாரின் மியாவடிப் பகுதியிலுள்ள இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டிருந்தமை 2024இல் தெரியவந்தது.

இது புதிய துன்பமுமன்று. 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகள் முதன்முதலாகக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களைப் பிணித்த பத்திரத்தின் ஆங்கிலப் பெயர் "அக்ரிமென்ட்". கூலிகளின் நாவில் அது "கிர்மிட்" எனத் திரிந்தது. ஒலி திரிந்து கைக்கு வந்தது, பொருள் வரவில்லை. விரல் ரேகை பதித்தவர்கள் ஐந்தாண்டுகள் கட்டுண்டு கிடந்தனர். நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின்னர், எழுதப் படிக்க அறிந்த நம் பிள்ளைகளும் அவ்வாறே கையொப்பமிடுவதா?

கைத்தொலைபேசியே இன்று மொழிபெயர்த்துத் தருமே என்பர் சிலர். சொல்லுக்குச் சொல் தரும். அச்சொல்லால் விளையும் கடமையையும் இழப்பையும் அது தானாக எடுத்துரைக்குமா? ஆங்கிலம் கற்றோரும் ஏமாறுகின்றனரே என்பர் வேறு சிலர். உண்மை. ஆகையாற்றான் மொழியறிவோடு சட்ட அறிவையும் சேர்த்துக் கேட்கிறோம்.

1987இல் தமிழ் அரசகரும மொழியாயிற்று. 1988இல் வடக்கு கிழக்கின் நிர்வாக மொழியாகவும் அரசியலமைப்பில் இடம்பெற்றது. நெடுங்காலம் போராடிப் பெற்ற அவ்வுரிமை, தமிழ் மகனின் வாழ்வை நிர்ணயிக்கும் வேலை ஒப்பந்தத்தின் வாசலில் நின்றுவிடலாகாது. கையொப்பத்துக்கு முன் ஒப்பந்தத்தின் தமிழ்ப் படி விண்ணப்பதாரர் கையில் தரப்பட்டே தீரவேண்டும். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இதனைக் கண்டிப்பாக நிறைவேற்றவேண்டும். பிரதேச செயலகமும் பாடசாலைகளும் இச்சொற்களைத் தமிழில் விளக்கும் வகுப்புகளை ஊர்தோறும் நடத்தவேண்டும். வன்னிப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் இடம் வெறுமையாய்க் கிடக்கவிடுதல் முகவர்க்குச் செய்யும் உதவியேயாகும்.

பெற்றோரே, இளைஞரே! முகவருக்கு உரிமம் உண்டா என்று பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் முதலிற் கேளுங்கள். காணி உறுதி எழுதும்போது நான்கு எல்லைகளையும் வாசிக்கக் கேட்டு, ஐயந்தீர்ந்த பின்னரே கையொப்பமிடுகிறீர்கள். நிலத்துக்குக் காட்டும் அந்த விழிப்பைப் பெற்ற பிள்ளைக்கும் காட்டுங்கள். பொருள் விளங்காத பத்திரத்தை அஞ்சாது திருப்பிக் கொடுங்கள்!