ஈற்று நிலத்திலும் சுரங்கமா?

காணி உறுதியை ஒருவன் கையிற் கொடுத்துவிட்டு, அக்காணியின் கிணற்றைத் தூர்ப்பதற்கு வேறொருவனுக்கு அனுமதி வழங்கும் நீதியை நம் உழவர் கண்டதுண்டா? கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்கள் கண்டனர். 1979ஆம் ஆண்டு, பேக்கர் லேக் ஊரார் தொடுத்த வழக்கிலே, கரிபு எனப்படும் துருவமானை அந்நிலத்தில் வேட்டையாடும் உரிமை அவர்களுக்குத் தொன்றுதொட்டு உண்டென்று சமஷ்டி நீதிமன்ற நீதியரசர் மகோனி ஒப்புக்கொண்டார். அதே தீர்ப்பில், அவ்வுரிமை சுரங்கச் சட்டங்களுக்கு அடங்கியதே எனவும் விதித்தார். மானை வேட்டையாட உரிமை உண்டு. மான் பிறக்கும் மண்ணைக் காக்க உரிமையில்லை!

நூற்றுக்கணக்கான மைல் நடந்து, ஆண்டுதோறும் யூன் மாதத்தில் சினைமான்கள் தமக்குப் பழகிய ஈற்று நிலத்தை நாடி வருகின்றன. ஒரு பெட்டைக்கு ஒரு கன்றுதான். கன்று ஈனும் பசுவின் கொட்டிலுக்குள் அந்நியரை அண்டவிடாத நம் உழவருக்கு, அங்கே வெடியோசையும் வானூர்தி இரைச்சலும் விளைக்கும் கேட்டை நாம் விளக்க வேண்டியதில்லை.

1986இல் நான்கு இலட்சத்துக்கு மேலிருந்த பாதர்ஸ்ட் மான்கூட்டம், 2018இல் ஏறத்தாழ 8,200 ஆகவும், 2021இல் 6,240 ஆகவும் குன்றியது. இவ்வீழ்ச்சி முழுவதையும் சுரங்கத்தின் தலையிற் சுமத்துதல் நேர்மையன்று. வெப்பமுறும் காலநிலை, மேய்ச்சற் குறைவு, ஓநாய் எனக் காரணங்கள் பல. ஆயினும், எவர் கை முதலிற் கட்டப்பட்டது? 2010இல் வடமேற்குப் பிரதேச அரசு இக்கூட்டத்தின் வேட்டையைத் தடுத்தது. அம்மானையே உண்டு வாழ்ந்த பழங்குடியினர் வெறும் சட்டியோடு இருந்தனர். அதன் மேய்ச்சற் பரப்பிலுள்ள வைரச் சுரங்கங்களோ ஓயவில்லை.

"மான் வரும்போது வேலையை நிறுத்துவோம்" என்கின்றனர் அகழ்வோர். நிறுத்துவார்கள் என்றே கொள்வோம். வெட்டிய குழியும் போட்ட வீதியும் அந்நாட்களில் எழுந்து அப்பாற் செல்லுமோ?

சுரங்கமின்றேல் இளைஞருக்குத் தொழில் ஏது என்பது வலிய கேள்வி. அதை நாம் இகழவில்லை. நாடு முழுவதையும் பூட்டச் சொல்லவுமில்லை. ஈற்று நிலத்தை மட்டுமே கேட்கின்றோம்.

1999இல் உருவான நுனாவுட் பிரதேசத்தில் இனுயிட் மக்களே பெரும்பான்மையினர். அவர்தம் அரசே, முன்னர் தடையை ஆதரித்துவிட்டு, 2016இல் பின்வாங்கி, ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே ஆராயலாம் என்றது. தனித்தனியே! நியாயஸ்தலப் படி ஏறியவர்க்கு இச்சொல்லின் சூது புரியும். கம்பனி தோற்றால் மறுபடியும் விண்ணப்பிக்கும். வேட்டைக்காரன் ஒருமுறை தோற்றால், ஈற்று நிலம் போயிற்று.

2023இல் நுனாவுட் திட்டமிடல் ஆணைக்குழு தன் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தை அரசுகளிடம் கையளித்தது. அவ்வரசுகளிடம் நாம் கேட்பது ஒரே வரி: ஈற்று நிலத்தில் அகழ்வு இல்லை. அவ்வரியின் வாலில் 'விசேட சந்தர்ப்பங்கள் நீங்கலாக' என்று எதையும் ஒட்டாதீர்.